டிரோல் மார்கரேட் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆல்ப்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையில் அந்த மலைநாடுகளில் ஒன்றான டிரோலின் சீமாட்டி மார்கரேட் ஒரு வரியில் வந்துபோகிறார். இணையத்தில் தேடினால் எங்கும் அந்த விகாரமான கிழவியின் ஓவியம்தான். அந்த முகத்துக்குப் பயந்துதான் கணவன் ஓடிப்போனான் என்கிறார்கள். உண்மையா? கடைசியில் நாட்டையே ஹாப்ஸ்பர்க் வம்சத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாரே, ஏன்?

– ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

அந்த ஓவியம் குவென்டின் மாசிஸ் 1513 வாக்கில் வரைந்தது. மார்கரேட் இறந்தது 1369இல். பிற்காலத்தவர்கள் அவர் பெயரை அதன்மேல் ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். அவர் காலத்திலேயே வாழ்ந்த வின்டர்தூர் யோஹான் என்ற துறவி அவரைப் பேரழகி என்றே எழுதிவைத்திருக்கிறார்.

அப்புறம், கணவன் ஓடவில்லை, துரத்தப்பட்டான். 1330இல் கல்யாணம் நடந்தபோது மார்கரேட்டுக்கு 12 வயது, பொகிமிய அரசரின் மகன் யோஹான் ஹைன்ரிஷுக்கு 8. வடக்கிலிருந்து இத்தாலிக்குப் போகும் பிரென்னர் கணவாய் டிரோலில் இருக்கிறது. கல்யாணமே அதற்காகத்தான். 1335இல் மார்கரேட்டின் தந்தை இறந்ததும் கணவனின் குடும்பமான லக்சம்பர்க் வீட்டார் நிர்வாகத்தைக் கையில் எடுத்தார்கள். உள்ளூர்ப் பிரபுக்களுக்கு அது பொறுக்கவில்லை.

1341 நவம்பர் தொடக்கத்தில் வேட்டைக்குப் போய்த் திரும்பிய கணவனுக்கு டிரோல் கோட்டைக் கதவு திறக்கவில்லை. வேறு கோட்டைகளும் அவனை உள்ளே விடவில்லை. கடைசியில் அக்விலேயாவின் திருச்சபைத் தலைவரிடம் அடைக்கலம் புகுந்தான். மனைவியின் கோபத்துக்காக மட்டும் ஊரெல்லாம் கதவைச் சாத்தாது. கூடிப்பேசி வைத்துச் செய்த காரியம் இது.

1342 பிப்ரவரியில் மார்கரேட் பவேரிய வம்சத்தவரான புனித ரோமப் பேரரசர் லுட்விக்கின் மகனை மணந்தார். போப்பாண்டவர் முதல் திருமணத்தை ரத்து செய்யவில்லை. முதல் கணவனுக்கு ஆண்மை இல்லை என்பது மார்கரேட் தரப்பு வாதம் (அவனோ பிறகு மறுமணம் செய்து பல பிள்ளைகள் பெற்றான்; அதில் ஒருவன் 1410இல் ஜெர்மன் அரசனாகவே தேர்வானான்!). இந்த விஷயத்தில் பேரரசருக்காக ஆக்கம் (Ockham) ஊர் வில்லியம், படுவா ஊர் மார்சிலியஸ் போன்ற அக்காலத் தத்துவ மூளைகள் பேனா பிடித்தன. மார்கரேட் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். டிரோலில் வழிபாட்டுக்கே தடை வந்தது. அவரைப் பற்றிய அசிங்கமான கதைகளை நான் இந்தச் சண்டையின் குப்பையாகத்தான் பார்க்கிறேன்.

சரி, ஏன் கொடுத்தார்? 1361இல் இரண்டாம் கணவர் இறந்துபோனார். 1363 ஜனவரி 13இல் ஒரே வாரிசான மகன் மைன்ஹார்டும் போனான். இறந்த கணவரின் பவேரிய உறவினர்கள் டிரோலுக்குக் கண் வைத்திருந்தார்கள். மருமகளோ ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் ருடால்ஃபின் தங்கை. 1359இல் திருச்சபை விலக்கு நீங்கவும் அந்த வீட்டார்தான் உதவியிருந்தார்கள். ஜனவரி 26இலேயே, மகன் இறந்து இரண்டு வாரம்கூட முடியாத நிலையில், டிரோலை ருடால்ஃபுக்கு எழுதிக்கொடுத்தார். இதைச் சோர்ந்துபோன ஒரு தாயின் சரணாகதியாக நான் நினைக்கவில்லை. தாமதித்திருந்தால் பவேரியர்கள் கேட்காமலே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எழுதிக்கொடுத்த பிறகும் அவர்கள் விடவில்லை, சண்டை போட்டார்கள். 1369இல் ஷேர்டிங் உடன்படிக்கையில் 1,16,000 கில்டர் பொற்காசுகள் வாங்கிக்கொண்டுதான் உரிமையை விட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மார்கரேட் வியன்னாவில் இறந்தார்.