சோர்ஸ் கோட் யார் கையில்?

கே: டொரண்டோவில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஆர்டர் எடுக்க ஒரு ஆப் வேண்டும். சென்னை நிறுவனம் குறைவாகவும் மெக்சிகோ நிறுவனம் கூடுதலாகவும் கேட்கின்றன. யாரிடம் கொடுக்கலாம்?

ப: சென்னைக்கும் உங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. மெக்சிகோ சிட்டிக்கு இரண்டு, குளிர்காலத்தில் ஒன்றுதான். மாலை ஐந்துக்கு நீங்கள் சந்தேகம் கேட்டால் சென்னை தூங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு திரையிலும் என்ன வர வேண்டும் என்று எழுதி முடித்துவிட்டீர்களா? சென்னை போதும். பார்த்துப் பார்த்து மாற்றுபவர் என்றால் மெக்சிகோவுக்கே கொடுங்கள்.

கே: லண்டனில் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். கோயம்புத்தூர் ஃப்ரீலான்சர் மென்பொருள் எழுதித் தந்தார். பேசிய பணம் முழுதும் கொடுத்தாயிற்று. சோர்ஸ் கோட், அதாவது மென்பொருளின் மூல நிரல், கேட்டால் இன்னும் பணம் என்கிறார்.

ப: உங்கள் மீது தவறில்லை அம்மா. காசு கொடுத்தால் பொருள் நம்முடையது என்றுதான் யாரும் நினைப்போம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதிய கோட் பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். வெளியாள் எழுதியது, அவர் கையெழுத்திட்டு உரிமையை மாற்றித் தரும்வரை, அவருக்கே சொந்தம். பிரிட்டனின் 1988 சட்டத்திலும் இதே நிலைதான். இந்தியச் சட்டத்தின் 19-வது பிரிவு இன்னும் கொடுமை: உரிமை மாற்றும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை 5 ஆண்டுக்குத்தான், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். லண்டனில் இருப்பவருக்கு அதனால் என்ன பயன்? பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தாலும் இதே கதை நடக்கும். என் சிறுபத்திரிகையின் சந்தாக் கணக்குக்கு, நடந்து போகும் தூரத்தில் இருந்த நிறுவனத்திடம்தான் மென்பொருள் வாங்கினேன். சர்வர் அவர்கள் பெயரில் இருந்தது. நிறுவனத்தை மூடினார்கள், நான்கு வருடச் சந்தாதாரர் பட்டியல் போயிற்று. இன்றும் மனம் ஆறவில்லை. நீங்கள் மின்னஞ்சல்களையும் பணம் அனுப்பிய ரசீதுகளையும் திரட்டி, வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். சமரசமாகப் போவதென்றால், ‘காலவரையின்றி, உலகம் முழுவதற்கும்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒரு பவுண்டுகூடத் தராதீர்கள்.

கே: சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். வியட்நாமின் ஹோ சி மின் நகர நிறுவனம் முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கிறது. பக்கத்து நாடுதானே?

ப: கொடுக்காதீர்கள்.

கே: நியூஜெர்சி. வாட்ஸ்அப்பில் பேசி, சென்னையில் வேலை கொடுத்தேன். பாதிப் பணம் போய்விட்டது, வேலை நிற்கிறது. இங்கே வழக்குப் போட்டு ஜெயித்தால் அங்கே செல்லுமா?

ப: வீட்டை வாடகைக்கு விட்டால் பத்திரம் எழுதுவீர்கள், இதற்கு மட்டும் வாட்ஸ்அப் போதுமா? அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பை இந்தியாவில் நேரடியாக நிறைவேற்ற முடியாது. அதை வைத்து அங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தந்த தீர்ப்பு என்றால், அதை வெளிநாட்டிலும் நிறைவேற்ற வழிசெய்யும் 1958 நியூயார்க் உடன்படிக்கை கைகொடுக்கும். அதற்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். மீதிப் பாதியை அனுப்பாமல் நிறுத்திவைத்து, இன்றாவது அதை எழுதுங்கள்.