வேம்புக்குக் கூட்டிலை, கீழாநெல்லிக்கு?

கேள்வி: வேப்ப ஈர்க்கிலும் கீழாநெல்லிக் குச்சியிலும் இலைகள் ஒரே மாதிரிதான் வரிசையாக இருக்கின்றன. முன்னது கூட்டிலை, பின்னது தனியிலையாம். எப்படி?
– ஒரு வாசகி, தேனி

பதில்: வகுப்பில் நான் சொல்வது ஒன்றுதான்: மொட்டைத் தேடு. முழு இலையின் அடி இடுக்கில்தான் அது இருக்கும். வேப்ப ஈர்க்கு கிளையோடு சேரும் இடுக்கில் சின்ன மொட்டு இருக்கும். பூங்கொத்து வருவதும் அங்கேதான். ஈர்க்கில் வரிசையாக உள்ளவற்றின் இடுக்கில் ஒன்றுமே இராது. அவை சிற்றிலைகள்; ஈர்க்கு மொத்தமும் ஓர் இலை, அதாவது கூட்டிலை. முருங்கையும் இப்படித்தான், என்ன, ஈர்க்கு இரண்டு மூன்று தடவை பிரிந்திருக்கும்.

சரி, கீழாநெல்லியைத் திருப்பிப் பாருங்கள். இலைகளின் அடியில் வரிசையாக உருண்டைக் காய்கள். ஒரே இலைக்குள் இப்படி வரிசையாகக் காய்க்குமா? ஆக, அந்தக் குச்சி மெல்லிய கிளை; அதில் உள்ள ஒவ்வொன்றும் தனியிலை. பெரிய நெல்லி மரமும் இதே ஆள்மாறாட்டம்தான். காயில்லாத நேரத்தில் பார்த்தால் புளியிலை என்று சத்தியமே செய்வீர்கள்.