பென் என்பது யார் பெயர்?

கேள்வி: லண்டன் மணிக்கூண்டுக்கு ‘பிக் பென்’ என்ற பெயர் எப்படி வந்தது? அதைக் கட்டியவர் பெயரா? (ஈசூன் வாசகர்)

பதில்: இல்லை. அது கூண்டின் பெயரே அல்ல. உள்ளே தொங்கும் பெரிய மணியின் செல்லப்பெயர். கூண்டை வெகுகாலம் ‘கிளாக் டவர்’ என்றுதான் சொன்னார்கள். எலிசபெத் அரசியார் அரியணையேறி 60 ஆண்டு நிறைந்த 2012இல் அது ‘எலிசபெத் டவர்’ ஆனது. உயரம் 96 மீட்டர். எம்ப்ரஸ் பிளேசில் இருக்கும் நம் விக்டோரியா அரங்கின் மணிக்கூண்டு 54 மீட்டர்.

பென் யார் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்வார்கள். ஒருவர் பொதுப்பணிகளுக்குத் தலைவராக இருந்த சர் பெஞ்சமின் ஹால். ஆள் நல்ல உயரம், நல்ல பருமன். மற்றவர் பென் கான்ட் என்ற ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர். மணி வேலை நடந்தபோது பொறுப்பில் இருந்தவர் ஹால் என்பதால், அவர் பக்கமே நியாயம் அதிகம்.

இந்தப் பெயர் முதலில் ஒட்டியது இன்றுள்ள மணிக்கு அல்ல. 1856இல் வார்த்த சுமார் 16 டன் மணி, மறு ஆண்டு சோதனையில் விரிசல் விட்டது. அதை உருக்கி, 1858இல் ஒயிட்சேப்பல் பட்டறையில் மீண்டும் வார்த்தார்கள். இதன் எடை 13.7 டன், வாய் அகலம் 2.7 மீட்டர். 1859 ஜூலையில் ஒலித்தது. செப்டம்பரில் இதுவும் விரிந்தது! சுத்தியல், வார்ப்பவர்கள் சொன்ன எடையைப்போல் இரு மடங்குக்கு மேல். ஏறத்தாழ 4 ஆண்டு மௌனத்துக்குப் பிறகு, விரிசல் பரவாதபடி அந்த இடத்தில் சிறு சதுரம் வெட்டியெடுத்து, அடி வேறிடத்தில் விழும்படி மணியைத் திருப்பி, இலகுவான சுத்தியலை மாட்டினார்கள். விரிசல் இன்றும் இருக்கிறது. சற்றே பிசிறடிக்கும் அந்தத் தனிக்குரல் அதனால் வந்ததுதான்.

கேள்வி: நாணயம் வைத்து அதன் நேரத்தைத் திருத்துவார்களாமே? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: உண்மைதான். வைப்பது பழைய பென்னி. நம் ஒரு வெள்ளிக் காசைவிடப் பெரியது, கனமானது. ஊசல்மேல் ஒன்றை வைத்தால் அதன் எடைமையம் இம்மியளவு மேலேறும். ஊசலின் நீளம் குறைந்த மாதிரி ஆகி, ஆட்டம் வேகமெடுக்கும். ஒரு காசுக்கு நாளொன்றுக்கு 0.4 விநாடி கூடும். கடிகாரம் முந்தினால் ஒரு காசை எடுத்துவிடுவார்கள்.