அரிவாள்மனை வேண்டாம் தம்பி, இங்கேயே ஒரு துருவி வாங்குங்கள்

தம்பி, ஊரிலிருந்து அடுத்த மாதம் வரும் நண்பரிடம் அம்மாவின் அரிவாள்மனையைக் கொடுத்தனுப்பச் சொல்லலாமா, இல்லை கையால் சுற்றும் தேங்காய் துருவியா, அதுவும் இல்லாமல் இங்கேயே ஏதாவது வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பேஸ்மென்ட் வீடு, மூன்று பேர் முறைபோட்டுச் சமையல், மிக்ஸி இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நான் வந்த முதல் வருடமும் கிட்டத்தட்ட இதே நிலைதான்.

இங்கேயே வாங்குங்கள். பெட்டி மாதிரி நிற்குமே, நான்கு பக்கத் துருவி, அதில் நல்லதாக ஒன்று. அரிவாள்மனை பெட்டியில் பாதி எடையைத் தின்னும். தரையில் உட்கார்ந்து அரிய இந்தச் சமையலறைகளில் இடமும் இருக்காது. ஊர் மிக்ஸியையும் கேட்காதீர்கள். அது 230 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே 120 வோல்ட். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சரியாக ஓடாது. இங்கே ஒரு மிக்ஸி வாங்கும்வரை அதன் வேலையில் பாதியை இந்தத் துருவிதான் செய்யப்போகிறது.

கடையில் எடுக்கும்போது இரண்டு பக்கத்தையும் கையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே வளைந்தால் வைத்துவிடுங்கள். மலிவான மெல்லிய தகடு கேரட்டுக்கே ஆடும், தேங்காய்க்கு நிற்காது. துளையின் விளிம்பை விரல் நுனியால் மெதுவாகத் தொட்டால் தோலைப் பிடிக்கவேண்டும், வழுக்கக் கூடாது. முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானா என்று பாருங்கள். முலாம் பூசிய இரும்பு என்றால் கொஞ்ச நாளில் மூலைகளில் துரு ஏறிவிடும். கைப்பிடி அகலமாக, அடியில் ரப்பர் விளிம்பு இருந்தால் நல்லது. ஆறு பக்கம் உள்ளது வேண்டாம், ஒவ்வொரு பக்கமும் ஒடுங்கிப்போய் ஒரு பீட்ரூட்டைக்கூடச் சரியாகத் தேய்க்க முடியாது.

பெரிய துளைப் பக்கம்தான் உங்கள் தினசரி பக்கம். கேரட், பீட்ரூட், மாங்காய் சாதத்துக்கு மாங்காய் எல்லாம் அதில்தான். துருவிய காய் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும், வகுப்பு முடிந்து எட்டு மணிக்கு வீடு வருகிறவருக்கு அது பெரிய விஷயம். கேரட்டைச் சாய்த்துப் பிடித்தால் நீள இழையாக விழும், நிறுத்திப் பிடித்தால் குட்டையாக விழும். பொரியலுக்குக் குட்டைதான் எனக்குப் பிடிக்கும். தக்காளியைக் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கத்தை இதே துளையில் தேய்த்துப் பாருங்கள். சதையெல்லாம் இறங்கிவிடும், தோல் மட்டும் கையில் நிற்கும். ரசத்துக்கும் தொக்குக்கும் மிக்ஸியே தேவைப்படாது. குளிரில் கல்லாகிப்போன வெல்லக்கட்டியையும் உடைத்துக்கொண்டிருக்காமல் இப்படியே துருவிக்கொள்ளலாம்.

சின்னத் துளைப் பக்கம் தேங்காய்க்கு. முள் முள்ளாக இருக்கும் பக்கத்தை ஜாதிக்காய்க்கு மட்டும் தொடுங்கள். இஞ்சியைத் தேய்த்தால் நார் முழுக்க முள்ளில் சிக்கிக்கொண்டு கழுவவே அரை மணி நேரம் ஆகும். சீவும் பக்கம் வெள்ளரிக்குப் பரவாயில்லை.

இப்போது தேங்காய். நீங்கள் உண்மையில் கேட்க நினைத்ததே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் குளிர்காலத்தில் வேலை அதிகம் என்று தேங்காயையே விட்டுவிட்டேன். எதைச் சமைத்தாலும் நம் வீட்டுச் சாப்பாடு மாதிரியே இல்லை, ஏன் என்று புரிய எனக்கு மாதக்கணக்கானது. நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். தமிழ்க் கடைகளில் உறைய வைத்த தேங்காய்த் துருவல் பாக்கெட் கிடைக்கும். வார நாளுக்கு அதுவே போதும். வேண்டிய அளவு உடைத்தெடுத்துவிட்டு மீதியை உடனே ஃப்ரீசரில் வையுங்கள். சனி, ஞாயிறில் முழுத் தேங்காய் வாங்குங்கள். ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்கவேண்டும், கண்களில் பூஞ்சையோ ஈரமோ இருக்கக் கூடாது.

சின்னச் சுத்தியலாலோ கனமான கத்தியின் முதுகாலோ நடுவில் சுற்றிச் சுற்றித் தட்டினால் இரண்டாகப் பிளக்கும். இரண்டு மூடிகளையும் 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓவனில் வையுங்கள். இங்கே அடுப்பில் அந்தக் கணக்குதான் போட்டிருக்கும். ஆறியதும் சதை ஓட்டை விட்டுக் கழன்று வரும். பழுப்புத் தோலைச் சீவிவிட்டு சின்னத் துளையில் துருவினால் பொரியலுக்குத் தூவ அருமையாக இருக்கும். துவையலுக்குக்கூடப் பொடித்த மிளகாய், புளி, உப்பு சேர்த்துக் கையால் பிசைந்துகொள்ளலாம், நான் பல மாதம் அப்படித்தான் சாப்பிட்டேன்.

கையால் சுற்றும் துருவியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் உள்ளது வழவழப்பான மேடையில் மட்டும்தான் நிற்கும். நான் ஆசையாக ஊரிலிருந்து கொண்டுவந்ததை டைல்ஸ் ஒட்டிய மேடையில் வைத்துச் சுற்றினேன். இடுக்கு வழியாகக் காற்று புகுந்து பிடி விட்டுவிட்டது, உள்ளங்கையில் பல் ஏறி மூன்று வாரம் கட்டோடு இருந்தேன். மேடை விளிம்பில் திருகி மாட்டும் வகை பாதுகாப்பு. என் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா அப்படி ஒன்று வைத்திருக்கிறார், அதைத் திருவலை என்பார். பிறகு சொந்த வீடு, குடும்பம் என்று ஆகும்போது யோசிக்கலாம்.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் இஞ்சிக்கென்று நீளமான மெல்லிய துருவி ஒன்று வாங்குங்கள், மைக்ரோபிளேன் வகை. அதற்கும் இந்த நாட்டுக்கும் ஒரு உறவு உண்டு. அமெரிக்காவின் அர்கன்சாவில் மரம் ராவுவதற்காகச் செய்த அரம் அது. 1994இல் ஒட்டாவாவில் லீ வேலி என்ற மரவேலைக் கருவிக் கடைக்காரரின் மனைவி லொரெய்ன் லீ, கேக்குக்கு ஆரஞ்சுத் தோலைத் துருவ முடியாமல் அலுத்து, கடையில் இருந்த அந்த அரத்தை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். அப்படித்தான் அது சமையலறைக்கு வந்தது. சாதாரணத் துருவியில் துளையைக் குத்தி எடுப்பார்கள். இதில் ரசாயனத்தால் அரித்து எடுப்பதால் ஒவ்வொரு பல்லும் கத்தி மாதிரி இருக்கும். இஞ்சியைக் கழுவித் துடைத்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். உறைந்ததை அப்படியே துருவினால் நார் தனியாகத் தெரியாது, பொடிப்பனி போல விழும். டீக்கு அது ஒன்றே போதும்.

துருவிய உடனே தண்ணீரில் காட்டி, உள்பக்கத்திலிருந்து பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து வையுங்கள். காய்ந்துவிட்டால் பாடுதான். கடைசி ஒரு அங்குலம் கேரட்டைத் துருவப் பார்க்காதீர்கள், விரல்தான் போகும். அதைச் சாம்பாரில் போட்டுவிடுங்கள்.

நண்பரின் பெட்டியில் அரிவாள்மனைக்கு ஒதுக்கிய இடத்துக்கு, அம்மா வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடியும் ரசப் பொடியும் கேளுங்கள். இரண்டு உறை போட்டு, காற்றுப் புகாமல் கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.