வீட்டார் கையெழுத்துப் போட்டால் போதுமா? மனநல சிகிச்சையும் சட்டமும்: கேள்வி பதில்

மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பற்றிக் கேளுங்கள். மாத்திரை அளவு மட்டும் கேட்காதீர்கள்.

திருச்சி: தம்பிக்கு மனச்சிதைவு. ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறான். அம்மா கையெழுத்துப் போட்டால் சேர்த்துக்கொள்வார்களா?

கையெழுத்து மட்டும் போதாது. 89ஆம் பிரிவில் வழி இருக்கிறது. தம்பி யாரையும் தன் பிரதிநிதியாக எழுதி வைக்காவிட்டால் உறவினர் என்ற முறையில் அம்மா விண்ணப்பிக்கலாம். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ ஒருவரும், சேர்க்கும் அன்றோ முந்தைய 7 நாளிலோ அவனைத் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். நோய் இருப்பது மட்டுமே காரணமாகாது. அண்மையில் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளப் பார்த்தானா, அடுத்தவர் பயப்படும்படி நடந்தானா, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறானா என்று பார்ப்பார்கள். அப்படிச் சேர்த்தாலும் இந்தப் பிரிவின்கீழ் 30 நாள்தான் உச்சம். முடிவெடுக்கும் திறன் திரும்பிவிட்டதா என்று 7 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். திரும்பிவிட்டால் அப்புறம் அவன் சொல்வதுதான். சேர்த்த 7 நாளுக்குள், இப்படிச் சேர்ப்பதைச் சரிபார்க்கும் மனநல சீராய்வு மன்றத்துக்கும் தகவல் போக வேண்டும். பெண், சிறார் என்றால் 3 நாள்.

சேலம்: கணவர் குடிக்கிறார். ராத்திரி வண்டியோடு ஆள் அனுப்பித் தூக்கிப் போய்விடுவதாக ஒரு மறுவாழ்வு மையத்தில் சொல்கிறார்கள்.

அனுப்பாதீர்கள். குடியால் வரும் மனப் பாதிப்பும் இந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், மருத்துவர் யார் என்று கேளுங்கள். நாள்பட்டுக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், சித்தம் கலங்கும், உயிரே போகலாம். பூட்டிய அறையில் யார் பார்ப்பது? ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். அவர்களில் பலரைக் கொண்டுவந்து விட்டது சொந்த வீட்டார்தான். சங்கிலி போடுவதை 95ஆம் பிரிவு தடைசெய்கிறது.

கோவை: மனைவிக்கு மனநோய் என்று சான்று வாங்கினால் விவாகரத்து சுலபமா?

வக்கீலைப் பாருங்கள். ஆஸ்பத்திரி அதற்கான இடமில்லை.

தஞ்சாவூர்: நானாகத்தான் சேர்ந்தேன். போகிறேன் என்றால் விட மறுக்கிறார்கள்.

விட வேண்டும். நிலைமையை மதிப்பிட 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம். அதற்கு மேல் என்றால் 89ஆம் பிரிவின் நிபந்தனைகள் பொருந்த வேண்டும். இலவச சட்ட உதவி கேளுங்கள், அது உங்கள் உரிமை.

நெல்லை: மனைவிக்குத் தெரியாமல் பரிசோதனை…

கோவைக்குச் சொன்னதுதான்.

மதுரை, ஓர் அக்கா: தம்பிக்கு மோரில் மாத்திரை கலந்து கொடுக்கிறேன். தப்பா?

தப்பு என்பதைவிட ஆபத்து. தெரிந்துவிட்டால் மாத்திரையோடு சாப்பாட்டையும் நிறுத்திவிடுவான்.

அதே அக்கா: சட்டம் பேசுவது சுலபம் சார். ராத்திரி இரண்டு மணிக்கு அவன் சமையல் கேஸைத் திறந்துவிடும்போது வந்து பாருங்கள்.

ஈரோடு: அக்கா சொல்வது சரி. உரிமை உரிமை என்று தெருவில் விட்டுவிடுகிறார்கள்.

வேலூர்: நான் அந்த மோரைக் குடித்தவன். மூன்று வருடம் அம்மா கையால் எதையும் சாப்பிடவில்லை.

ஈரோட்டுக்காரரே, தெருவில் விடச் சொல்லி இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. அக்கா, கேஸைத் திறக்கிறான் என்றால் 89ஆம் பிரிவு கேட்கும் ஆபத்து அதுதான். மோரில் அது தீராது. அன்றே அழைத்துப் போங்கள். அவசரமென்றால் 94ஆம் பிரிவின்படி எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். கலப்பதில் இன்னொரு சிக்கல்: அந்த மாத்திரை லித்தியம் என்றால் உடம்பில் நீர் வற்றினாலே ரத்தத்தில் அளவு ஏறி விஷமாகும். குளோசபின் என்றால் ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கையைத் தவறாமல் பார்க்க வேண்டும். அவனுக்குத் தெரியாமல் எப்படி ரத்தம் எடுப்பீர்கள்?

அதே அக்கா: சரி, வேறென்ன செய்ய?

மாதம் ஒருமுறை போடும் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அவன் தெளிவாக இருக்கும் நாளில், நோய் முற்றினால் எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தனக்காக யார் பேச வேண்டும் என்று அவன் கையாலேயே எழுதி வாங்கி சீராய்வு மன்றத்தில் பதிந்துவிடுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் எந்நேரமும் அரசின் மனநல உதவி எண் 14416.

விருதுநகர்: சார், என் மனைவிக்கு ஒரு சான்று…

கோவை.