பூட்டிய கூட்டில் குறையும் கோழிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நத்தத்துக்கு அருகே, மாந்தோப்பை ஒட்டிய எங்கள் வீட்டில் 23 சிறுவிடைக் கோழிகள் வளர்த்து வந்தோம். கடந்த இரண்டு மாதங்களில் 11 கோழிகள் போய்விட்டன. தினமும் மாலையில் எண்ணி அடைத்து, கதவைப் பூட்டிவிட்டுத்தான் படுக்கிறோம். முதல் முறை இரண்டு கோழிகளைக் காணவில்லை. நாலைந்து இறகுகள் மட்டும் கிடந்தன. அடுத்த முறை ஒன்று போயிற்று. மூன்றாம் முறை ஒரே இரவில் எட்டுக் கோழிகள் கழுத்தில் கடிபட்டுக் கூட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் நெஞ்சுப் பகுதியில் தின்றிருந்தது. நாய் ஒருமுறைகூடக் குரைக்கவில்லை. மூன்றடிச் செங்கல் சுவர், அதன் மேல் கோழி வலை, கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்பதுதான் கூட்டின் அமைப்பு. நானும் கணவரும் டார்ச் விளக்கோடு ஐந்து இரவுகள் மாறி மாறி விழித்திருந்தோம். அந்த ஐந்து இரவிலும் ஒன்றும் வரவில்லை. கணவர் கீரி என்கிறார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் காட்டுப்பூனை என்கிறார், மாமியார் திருடன் என்கிறார். தொடர்பில்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன்: தண்ணீர்த் தொட்டியின் மேல்தளத்தில் வாரத்துக்கு ஓரிரு முறை ஏதோ ஒரு பிராணியின் எச்சம் கிடக்கிறது, அதில் சப்போட்டாக் கொட்டைகள் முழுசு முழுசாக இருக்கின்றன.
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தொடர்பில்லாதது என்று நீங்கள் கடைசியில் எழுதிய வரிதான், அம்மா, உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பயன்பட்டது. பழக்கொட்டைகள் செரிக்காமல் முழுதாகக் கிடக்கும் எச்சத்தை, தரையை விட்டு உயர்ந்த ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடுவது மரநாயின் வழக்கம். பாறை, மதில், மொட்டை மாடி, தொட்டியின் மேல்தளம் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். பெயரில் நாய் இருந்தாலும் இது நாயினம் அன்று. புனுகுப்பூனையின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டிலிருந்து ஐந்து கிலோ வரை எடையும், உடலின் நீளத்துக்கு ஏறக்குறைய நிகரான வாலும் கொண்ட இந்தப் பிராணி, பகலெல்லாம் மரப்பொந்திலோ தென்னையின் உச்சியிலோ ஓட்டு வீட்டின் பரணிலோ உறங்கிவிட்டு, இருட்டிய பிறகு பழம் தேடிக் கிளம்பும். பதநீர்க் கலயத்தில் வாய் வைக்கும் திருட்டுப் பழக்கமும் அதற்கு உண்டு. பழமே அதன் முதன்மையான உணவு என்றாலும் எலி, பறவை, முட்டை, கோழி என எது கிடைத்தாலும் விடாது.

மற்றவர்கள் மீதான சந்தேகத்தையும் பார்த்துவிடுவோம். நம் தோட்டங்களில் திரியும் சாம்பல் நிறக் கீரி பகலில் நடமாடுவது. நண்பகலில் குஞ்சோ முட்டையோ காணாமற்போனால் அதன் மீது ஐயப்படலாம், நள்ளிரவுக் குற்றத்தை அதன் தலையில் சுமத்துவது நியாயமில்லை. காட்டுப்பூனை பெரும்பாலும் ஒரு கோழியைக் கவ்விக்கொண்டு மறைவிடத்துக்குப் போய்விடும். உங்கள் முதல் இரண்டு இழப்புகளுக்கு அது பொருந்தக்கூடும், ஆனால் தொட்டி மேல் கிடக்கும் கொட்டைகளுக்கு அது பொறுப்பாகாது. திருடனைப் பொறுத்தவரை, ஏழு கோழிகளைக் கொன்றுபோட்டு எட்டாவதன் நெஞ்சை மட்டும் தின்றுவிட்டுப் போகிற திருடன் எங்கும் இருக்க மாட்டான் என்பதை உங்கள் மாமியாரிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

பசிக்கு ஒன்று போதும் என்னும்போது எட்டை ஏன் கொன்றது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி உங்கள் மனத்தில் இருக்கும். வெட்டவெளியில் ஒரு பறவையைப் பிடித்தால் மற்றவை பறந்து தப்பிவிடும். பூட்டிய கூட்டில் அவற்றுக்குப் போக்கிடமில்லை. அதோடு இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது என்பதால் அவை நின்ற இடத்திலேயே சிறகடிக்கும். கண்முன்னே படபடப்பது நிற்கும்வரை கடித்துக்கொண்டே இருப்பது ஊனுண்ணிகள் பலவற்றின் இயல்பு; அதில் வன்மம் ஒன்றும் இல்லை. ஓட்டையுள்ள கூடு, கூடே இல்லாததைவிடவும் ஆபத்தானது என்று நான் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நாய் குரைக்காததும் இதனோடு ஒத்துப்போகிறது. மாமரக் கிளையிலிருந்து கூரைக்கும், கூரையிலிருந்து கூட்டுக்கும் தரையைத் தொடாமலேயே வந்துபோகும் பிராணியை, வாசலில் படுத்திருக்கும் நாய் அறியாமல் போவதில் வியப்பில்லை. நீங்கள் விழித்திருந்த இரவுகளில் அது வராததற்கு உங்கள் டார்ச் வெளிச்சமும் பேச்சுச் சத்தமுமே போதிய காரணங்கள். அன்றாடம் ஒரே தோட்டத்துக்கு வரவேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. ஆகவே இனி உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஐயம் தீரவேண்டுமானால், மாலையில் கூட்டைச் சுற்றியும் கூரையின் மேலும் கோலத்துக்குப் பயன்படும் கல்மாவைச் சலித்து மெல்லிய படலமாகத் தூவி வையுங்கள். அரிசிமாவு வேண்டாம், அது எறும்பையும் எலியையும் அழைத்துவரும். விடிந்ததும் பாருங்கள்: நான்கு விரல்கள் பதிந்து நகக்குறி இல்லாவிட்டால் பூனை வகை; நான்கு விரல்களோடு நகமும் பதிந்திருந்தால் நாய் அல்லது நரி; ஐந்து விரல்கள் என்றால் பெரும்பாலும் நம் ஆள்தான்.

ஆனால் யார் வந்தது என்பதைவிட எந்த வழியாக வந்தது என்பதைக் கண்டுபிடிப்பதே முக்கியம். பகலில் கூட்டுக்குள் நீங்களே குனிந்து நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வெளிச்சம் எங்கெங்கே கசிகிறது என்று பாருங்கள். கைமுட்டி நுழையும் இடைவெளி எதுவாக இருந்தாலும் அதை நுழைவாயில் என்றே கருதுங்கள்; தலை புகுந்துவிட்டால் வளைந்து நெளிந்து உடலையும் உள்ளே இழுத்துக்கொள்வது இந்த இனத்துக்குக் கைவந்த கலை. நம் ஊர்க் கூடுகளில் பெரும்பாலும் கூரைதான் பலவீனமான இடம். ஷீட்டைச் சட்டத்தோடு முடுக்காமல், காற்றுக்குப் பறக்காதபடி மேலே நாலு செங்கல்லைப் பாரம் வைத்திருப்பார்கள். அத்தகைய கூரை மழையைத் தடுக்குமே தவிர, விளிம்பில் மூக்கை நுழைத்து நெம்பும் பிராணியைத் தடுக்காது. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே, அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷைக் கூட்டின் மேல்புறம் முழுவதும் விரித்து, சட்டத்தோடு திருகாணியும் வாஷரும் போட்டு இறுக்கிவிடுங்கள். ஷீட்டை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

இரண்டாவது பலவீனம் அந்தக் கோழி வலை. அறுகோணக் கண்களுள்ள அந்த மெல்லிய வலை கோழி வெளியே போகாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. வெளியிலிருப்பது உள்ளே வராமல் இருப்பதற்காக அன்று. சில மழைக்காலங்களில் துருப்பிடித்துவிட்டால் கையால் இழுத்தாலே பிய்ந்துவிடும். பிய்க்காவிட்டாலும், வலையோரம் உறங்கும் கோழியின் தலையையோ காலையோ வெளியிலிருந்தபடியே இழுத்துக் கடிக்க முடியும். என் வீட்டில் முதல் கூடு கட்டியபோது நானும் இந்த வலையைத்தான் வாங்கினேன். நான்கு விடைக்கோழிகளை இழந்த பிறகுதான் கடைக்காரரிடம் வேறு வலை கேட்கத் தோன்றியது. பக்கவாட்டிலும் வெல்டு மெஷ் அடித்துவிடுங்கள். பயத்தில் தகரத்தையும் பலகையையும் கொண்டு எல்லாத் திறப்பையும் மூடிவிடாதீர்கள். நம் கோடையில் காற்றோட்டமில்லாத கூட்டில் வெக்கையாலும் எச்சத்தின் நெடியாலும் சாகும் கோழிகள், மரநாய் கொல்வதைவிட அதிகமாகிவிடும்.

மரக்கதவானால் கீழ் மூலையைக் காலால் தள்ளிப் பாருங்கள். மேலே மட்டும் தாழ்ப்பாள் உள்ள கதவு நாளடைவில் வளைந்து, கீழே ஒரு பிளவைக் கொடுக்கும். அங்கேயும் ஒரு கொண்டி போடவேண்டும். பெருச்சாளியும் நரியும் தோண்டி வரக்கூடும் என்பதால், சுவருக்கு அடித்தளம் ஆழமில்லையென்றால் கூட்டைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு மெஷ்ஷைத் தரையில் படுக்கவைத்து மேலே மண்ணைப் போட்டு மூடுங்கள்; சுவரோரம் தோண்டத் தொடங்கும் பிராணி வலையில் முட்டியதும் பின்னால் நகர்ந்து தோண்டவேண்டும் என்று யோசிப்பதில்லை. கூரைக்கு மேல் சாய்ந்திருக்கும் மாங்கிளைகளை ஆறடி தூரத்துக்காவது கழித்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு வாரமாவது ஆகும். ஒருமுறை இரை கிடைத்த இடத்துக்கு அது திரும்பி வராமல் இருக்காது. எனவே எஞ்சியுள்ள 12 கோழிகளையும் இன்று இரவே வீட்டுக்குள், பஞ்சாரத்தின் கீழோ பயன்படாத குளியலறையிலோ அடைத்துவிடுங்கள். செத்தவற்றைக் குப்பைமேட்டில் எறியாமல் ஆழமாகக் குழிவெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பது அவசியம். தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் பழங்களை மாலைக்குள் பொறுக்கிவிடுவதும் நல்லது, அவைதான் அந்தப் பிராணிக்கு முதல் அழைப்பு.

கேள்வி: எங்கள் ஊரில் கோழி பிடிக்கும் பிராணிக்குக் குருணை மருந்து கலந்த கறித்துண்டு வைப்பார்கள், சிலர் கூட்டைச் சுற்றிக் கம்பி இழுத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். பொறிவைத்துப் பிடித்து வேறு காட்டில் விட்டுவிட்டால் தவறில்லைதானே?
— ஒரு வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: மூன்றும் தவறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமன்றி, நஞ்சு வைப்பது, கண்ணி வைப்பது, பொறியில் பிடிப்பது ஆகியவையும் அடங்கும். காட்டுப்பூனையும் மரநாயும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், நஞ்சு கலந்த கறியை முதலில் தின்பது உங்கள் தெருநாயாகவோ காக்கையாகவோ பக்கத்து வீட்டுப் பூனையாகவோதான் இருக்கும். வீட்டு மின்சாரத்தை வெறுங்கம்பியில் பாய்ச்சுவதைப் பற்றிப் பேசவே எனக்குக் கோபம் வருகிறது. அதிகாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவர் அந்தக் கம்பியை மிதித்துச் சாவதும், கம்பி இழுத்தவர் சிறைக்குப் போவதும் நம் மாநிலத்தில் ஆண்டுதோறும் செய்தியாகிக்கொண்டுதான் இருக்கின்றன.

பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விடுவதால் உங்களுக்கும் பயனில்லை. ஓட்டை அப்படியே இருக்கும்வரை, காலியான இடத்துக்கு வேறொன்று வரும். மேலும் உங்கள் வைக்கோல்போரில் எலியைக் குறைத்துவைப்பதும் இந்தப் பிராணிகள்தான். பரணில் குட்டிபோட்டிருந்தாலோ கூட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தாலோ கையால் தொடாமல் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அதன் கடி ஆழமாக இறங்கும்.

கேள்வி: மினுக்கும் சோலார் விளக்கு, இரவெல்லாம் பாடும் ரேடியோ, கின்னிக்கோழி வளர்ப்பது ஆகியவற்றில் எது பலன் தரும்?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: விளக்கும் ரேடியோவும் முதல் சில நாள்களுக்குப் பலன் தரலாம், பிறகு வரும் பிராணி அந்த வெளிச்சத்திலேயே வழி பார்த்துக்கொள்ளும். கின்னிக்கோழி அந்நியமான எதைக் கண்டாலும் ஊரைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் அது மணியே தவிர பூட்டு அன்று. அதையும் மரத்தில் விட்டுவைத்தால் கோட்டானுக்கு இரையாகும்.

கேள்வி: எங்கள் கூட்டில் காயமே இல்லாமல் சில நாள் இடைவெளியில் மூன்று கோழிகள் செத்துக் கிடந்தன. அடைமுட்டைகளும் குறைகின்றன. ஓடு, கூளம் எதுவும் இல்லை. இதுவும் மரநாய்தானா?
— ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: இல்லை. முதலில் நோயை விலக்கவேண்டும். சாவதற்கு முன் கோழிகள் தலைகுனிந்து சோர்ந்திருந்தாலோ, வெள்ளையாகவும் பச்சையாகவும் கழிந்தாலோ அது வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். எஞ்சியவற்றை உடனே பிரித்துவைத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நலமாக உள்ள கோழிகளுக்குத் தடுப்பூசி போட பிப்ரவரியில் நடத்தப்படும் இருவார முகாமையும் தவறவிடாதீர்கள்.

மாலைவரை நன்றாக மேய்ந்த கோழி காலையில் செத்துக்கிடந்து, முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்திருந்தால் பாம்பைத்தான் நினைக்கவேண்டும், ஏனெனில் பாம்பு முட்டையை அப்படியே விழுங்கிவிடும். செத்த கோழியின் தலையும் கழுத்தும் ஈரமாகிப் பிசுபிசுத்திருந்தால், விழுங்க முயன்று முடியாமல் விட்டிருக்கிறது என்று பொருள். எலியைத் தேடி வந்ததே கோழியிடமும் போயிருக்கும். ஆகையால் இரவில் தீவனத்தைக் கூட்டுக்குள் வைக்காதீர்கள், அருகிலுள்ள எலிவளைகளையும் அடைத்துவிடுங்கள். முன்சொன்ன அரை அங்குல வலை பெரிய பாம்பையும் தடுக்கும். இருட்டில் அடைப்பெட்டிக்குள் கைவிட்டு முட்டையைத் துழாவும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். உள்ளே பாம்பைக் கண்டால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். பிடிக்கத் தெரிந்தவர்கள் வருவார்கள்.

கேள்வி: கூடு கட்டியும் எங்கள் கோழிகள் முருங்கை மரத்தில்தான் அடைகின்றன. இறக்கிவிட்டாலும் ஏறிவிடுகின்றன. என்ன செய்வது?
— ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: சிறுவிடைக்கு உயரத்தில் உறங்குவதே இயல்பு. தரையோடு தரையாகப் படுக்கச் சொல்லும் கூட்டை அது விரும்பாது. உள்ளே இரண்டரை மூன்றடி உயரத்தில் கட்டைவிரலைவிடப் பருமனான கழிகளை, கோழிக்கு முக்கால் அடி இடம் கிடைக்கும்படி குறுக்கே கட்டுங்கள். ஒரு வாரம் வெளியே விடாமல் கூட்டிலேயே தீனியும் தண்ணீரும் கொடுத்து வையுங்கள். அதன்பின் மாலைத் தீனியை மட்டும் கூட்டுக்குள் போட்டு, ஒரே குரலில் கூப்பிட்டுப் பழக்குங்கள். பிடிவாதக்காரச் சேவல் ஒன்றிரண்டு அப்போதும் மரத்துக்கே போகும். நன்றாக இருட்டிய பிறகு ஏணி வைத்து எடுத்துவந்து கழியில் உட்காரவைத்தால், சத்தம் போடாமல் அங்கேயே உறங்கிவிடும். நாலைந்து இரவு இப்படிச் செய்யவேண்டியிருக்கும்.