பழைய சாமான் கேள்வி பதில்: முதலில் புளியைக் கீழே வையுங்கள்

ரங்கூனில் பழைய சாமான் வாங்கி விற்பது என் தொழில். பித்தளை, எடைக்கல், காசு, நோட்டு, இசைத்தட்டு, யூன் என்னும் அரக்குப் பூச்சுப் பெட்டி, பழைய காகிதம் இவற்றைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மாணிக்கமும் பச்சைக்கல்லும் வேறு ஆட்களின் துறை. கையில் வாங்கிப் பார்க்காமல் நான் விலை சொல்வதில்லை. இன்னொன்று: கேள்வியை அனுப்பிவிட்டு, பதில் வருவதற்குள் பொருளைப் பளபளவென்று துலக்கிவிடாதீர்கள். இதை இன்றைக்குப் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

கே (பெகு): மாமனார் அலமாரியில் பறவை உருவத்தில் ஆறு எடைக்கற்கள் கிடைத்தன. சந்தையில் ஒருவர் 'அபின் கல்' என்று சொல்லி நல்ல விலைக்குக் கேட்கிறார். அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கொடுக்கலாமா?

ப: அவசரப்படாதீர்கள். 'அபின் கல்' என்பது வெளிநாட்டுப் பயணிகளிடம் விற்க வியாபாரிகள் பிடித்த பெயர். உண்மையில் இவை பர்மிய ராஜாக்கள் காலத்துப் பொது எடைக்கற்கள். வெள்ளி முதல் மருந்துச் சரக்கு வரை எல்லாம் இவற்றில்தான் நிறுத்தார்கள். அபினும் அதில் ஒன்று, அவ்வளவுதான். பறவை உருவம் ஹிந்தா, பர்மியக் கதைகளில் வரும் அன்னம். சிங்கம் மாதிரி இருந்தால் அது வேறு வரிசை. 1885இல் கடைசி பர்மிய மன்னர் திபாவைப் பிரிட்டிஷார் பிடித்துக்கொண்டு போனதோடு இந்த உருவக் கற்களின் காலம் முடிந்தது.

அசலா என்று பார்க்க முதல் வேலை, நிறுத்துப் பார்ப்பது. தெரிந்த நகைக்கடையில் தராசு இருக்கும். டிக்கல் என்பது பழைய பர்மிய எடை, ஒன்று சுமார் 16.3 கிராம். நூறு டிக்கல் ஒரு வீசை, அதாவது 1.63 கிலோ. கற்கள் 100, 50, 20, 10, 5, 2, 1 என்று இறங்கும். இருபது டிக்கல் கல் 326 கிராம் இருக்க வேண்டும். தேய்ந்த அசல் அதைவிடக் கொஞ்சம் குறைந்து நிற்கும், ராஜாவுக்கு ராஜா சிறு வித்தியாசமும் உண்டு. கடைத்தெருவுக்காக வார்த்த போலிக்கு இந்தக் கணக்கே கிடையாது. 280 காட்டும், 370 காட்டும். எடைக்கல் எடை காட்டவில்லை என்றால் அப்புறம் என்ன இருக்கிறது?

அடுத்தது தேய்மானம். கல்லை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் முதுகைத் தடவுங்கள். பல தலைமுறை விரல் பட்ட அசலில் அலகின் நுனியும் கொண்டையும் முதுகும் வழவழவென்று உருண்டிருக்கும். கழுத்து மடிப்பிலும் இறக்கைக்கு அடியிலும் கறுப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். போலியில் அரம் போட்ட மாதிரி எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். பள்ளத்தில் பச்சை நிறம் பூசினாற்போலத் தெரியும். மார்பின் நடுவே அச்சு சேர்ந்த கோடு இருந்தால் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

ஆறும் அசலாக இருந்து வரிசையாகவும் அமைந்தால் ஒன்றிரண்டாகப் பிரித்து விற்காதீர்கள். புளி, எலுமிச்சை, பிராசோ என்ற பாலிஷ் எதையும் கிட்டே கொண்டுபோகவும் வேண்டாம். அந்தக் கறுப்புதான் இவற்றின் பிறப்புச் சான்றிதழ்.

கே (தட்டோன்): தாத்தா வைத்துவிட்டுப் போன ஜப்பான் ரூபாய் நோட்டுகள் ஒரு கட்டு இருக்கின்றன. விலை போகுமா?

ப: 1942 மார்ச்சில் ரங்கூனைப் பிடித்த ஜப்பான் ராணுவம் அச்சடித்து இறக்கிய பணம் இது. நோட்டில் உள்ள ஆங்கில எழுத்து வரிசை 'பி' (B) என்று தொடங்கும், பர்மாவுக்கான அடையாளம். 1945இல் திரும்பி வந்த பிரிட்டிஷார் இதைச் செல்லாது என்றார்கள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் கட்டுக் கட்டாகத் தங்கிவிட்டதால் இன்றைக்கும் ஏராளமாகக் கிடைக்கிறது, பெரிய விலை கிடையாது. கட்டுக்குள் 1945ஆம் ஆண்டின் ஜப்பான் காலத்து பர்மிய அரசின் தலைவர் பா மாவ் படம் போட்ட 100 சாட் (பர்மியப் பணம்) நோட்டு கலந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் தனியாக எடுத்து வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கே (மோல்மேன்): பித்தளைக் குழல் வைத்த நாய்ப்படக் கிராமபோன் ஒன்று விலைக்கு வருகிறது. 1910 மாடல் என்கிறார்கள். கூடவே தமிழ் இசைத்தட்டுகளும் உண்டு.

ப: கிராமபோனை விடுங்கள், தட்டுகளை வாங்குங்கள். சந்தையில் சுற்றும் பளபளப்பான பித்தளைக் குழல் கிராமபோன்களில் பெரும்பாலானவை அண்மைக் காலத்தில் இந்தியாவில் கூட்டிச் சேர்த்தவை. பழைய பெட்டிக் கிராமபோனின் மோட்டாரைப் புதுப் பலகைக்குள் வைத்து, நாய்ப்படத் தகடு ஒன்றைத் திருகி அனுப்புகிறார்கள். தகடு திருகாணியில் நின்றால், குழல் சேரும் முழங்கை சொரசொரவென்று இருந்தால், நகர்ந்துவிடுங்கள்.

தட்டுகளோ நிஜமானவை. கிட்டப்பா, சுந்தராம்பாள், பாகவதர் குரல்களை 78 சுழற்சித் தட்டில் அந்தக் காலத்து ஊசியில் கேட்பது தனி அனுபவம். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். தட்டு அரக்கால் செய்தது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். மெல்லிய சோப்புத் தண்ணீர் போதும், நடுவில் உள்ள காகிதம் நனையக் கூடாது. இரும்பு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்று மாற்றுங்கள். படுக்கையாக அடுக்கினால் அடித்தட்டு விரிசல் விடும், நிறுத்தி வையுங்கள்.

கே (இன்செயின்): ஜப்பான் காலத்து 10 ரூபாய் நோட்டு, மடிப்பில்லாமல் இருக்கிறது. என்ன தேறும்?

ப: தட்டோன்காரருக்குச் சொன்னதுதான். மடிப்பில்லாததால் கொஞ்சம் கூடும், அவ்வளவே.

கே (ரங்கூன், தாம்வே): ஐயா, எதையுமே தேய்க்காதே என்கிறீர்கள். எங்கள் மாமியார் வெள்ளிக்கிழமை தவறாமல் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவார். கறுத்த விளக்கில் திரி போடுவது வீட்டுக்கு ஆகுமா?

ப: ஆகாதுதான் அம்மா. உங்கள் மாமியார் செய்வதே சரி. பூஜையில் எரியும் விளக்கு வேலையில் இருக்கும் பொருள். அதற்குப் பளபளப்பு வேண்டும். துலக்குங்கள், ஆனால் நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். புளி தங்கினால் களிம்பு ஏறும். நான் தடுப்பது பரணில் இருந்து இறங்கிய சாமானை.

கே (மாந்தளை): அண்ணே, நானும் இதே வியாபாரம்தான். தேய்த்த சாமான்தான் அன்றைக்கே போகிறது. கறுப்பாக வைத்தால் வாங்குபவர் மூக்கைச் சுளிக்கிறார். நீங்கள் சொல்வது புத்தகத்துக்குச் சரி, கடைக்கு ஆகாது.

ப: தம்பி, நான் சொல்வதும் கடைக் கணக்குதான். பளபளப்பைப் பார்த்து வாங்குபவர் அலங்காரத்துக்கு வாங்குகிறார், அலங்கார விலைதான் தருவார். கறுப்பைப் பார்த்து வாங்குபவர் பழமைக்கு விலை தருவார். அவர் வருவதற்குள் நீங்கள் அதைக் கழுவித் தொட்டியில் ஊற்றிவிடுகிறீர்கள். இன்று தேய்க்காததை நாளைக்குத் தேய்த்துக்கொள்ளலாம், தேய்த்ததைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளிப்பில் ஊறப்போட்டு ஊறப்போட்டு எடுத்தால் மேற்பரப்பில் துத்தநாகம் போய் இளஞ்சிவப்புத் திட்டுகள் விழும். அப்படிப்பட்ட சாமானை நானே எத்தனையோ திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கே (மாந்தளை, மறுபடியும்): வாங்குபவர் கேட்டால் என்ன செய்வது? சோறு போடுவது அவர்தானே.

ப: கேட்டால் அவரையே தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்! சரி, இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், இதே சண்டையை இன்னும் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

நம் வீட்டுப் பாத்திரங்களைக் கவனித்திருப்பீர்கள். கல்யாணச் சீராக வந்த குடம், தூக்கு, செம்பு எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். உளி நுனியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து. பெண்ணின் பெயர், கொடுத்தவர் முதலெழுத்து, சில சமயம் ஊர்ப் பெயர், அபூர்வமாக வருடம். கப்பலில் வந்த குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதற்குப் பல வீடுகளில் இன்றைக்கு இருக்கும் ஒரே எழுத்து ஆதாரம் அந்தப் புள்ளிகள்தான். காகிதமெல்லாம் சண்டையிலும் வெள்ளத்திலும் கறையானிலும் போய்விட்டது. ஒரு செம்பின் கழுத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு கிராமத்தின் பெயரைப் படிக்கும்போது வரும் சந்தோஷம் எந்த லாபத்திலும் எனக்கு வந்ததில்லை. தேய்க்கத் தேய்க்க முதலில் போவது இந்தப் புள்ளிகள். குடம் நிற்கும், பெயர் போய்விடும்.

தேய்க்கத்தான் வேண்டும் என்றால் முதலில் எழுத்தைப் படம் பிடியுங்கள், அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறத்தை நாரால் தேய்க்காதீர்கள். ஈயம் போன இடத்தில் ரசம் வைத்தால் களிம்பு உணவில் இறங்கும். சமையலுக்கு எடுப்பதானால் மறுபடி ஈயம் பூசிய பிறகுதான்.

மாந்தளைத் தம்பிக்கு: உங்கள் கடையில் பெயர் வெட்டிய பாத்திரம் தேய்க்காமல் இருந்தால் எனக்கு எழுதுங்கள். நானே வாங்கிக்கொள்கிறேன்.

கே (பியாப்போன்): பழைய வீட்டைப் பிரித்தபோது தமிழில் எழுதிய கணக்குப் புத்தகங்களும் முத்திரை ஒட்டிய பத்திரங்களும் ஒரு தகரப் பெட்டி நிறையக் கிடைத்தன. பேப்பர்காரர் எடைக்குக் கேட்கிறார். முத்திரைகளை மட்டும் பிய்த்து வைத்துக்கொள்ளவா?

ப: பிய்க்காதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். உங்கள் ஊர் நெல் விளையும் டெல்டா. அங்கே செட்டியார்களின் லேவாதேவிக் கடைகள் நிறைய இருந்தன. 1930க்குப் பின் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போக, ஈட்டு நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. அப்புறம் 1942இல் ஜப்பான் படைக்குப் பயந்து ஓட்டம், 1963, 64இல் கடைகளை அரசே எடுத்துக்கொண்ட தேசியமயம். ஆட்கள் போனார்கள், பேரேடு பரணில் தங்கியது. யார் எவ்வளவு கடன் வாங்கினார், எத்தனை கூடை நெல், என்ன வட்டி என்பதெல்லாம் அதில் இருக்கும். எண்கள் தமிழ் எண்களிலும் மாகாணி (பதினாறில் ஒன்று) போன்ற பின்னக் குறிகளிலும் இருந்தால் பயப்பட வேண்டாம், படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

முத்திரை பத்திரத்தோடு இருந்தால்தான் அதற்குத் தேதி, ஊர், தொகை எல்லாம் உண்டு. 1937 ஏப்ரல் 1இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது இந்திய அஞ்சல் தலையில் 'பர்மா' என்று மேலச்சிட்டு விட்டார்கள். அந்தத் தலை ஒட்டிய உறை கிடைத்தால் உறையோடு வையுங்கள்.

உலர்ந்த தூரிகையால் தூசு தட்டுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். நம் ஊர் மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதம் பூஞ்சை பிடித்துவிடும், பருத்தித் துணியில் சுற்றுங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒருவர் சேர்த்த பழைய நூல்களும் காகிதங்களும்தான் அதற்கு அடித்தளம். அவர்களுக்குப் படங்களை அனுப்பிக் கேளுங்கள்.

கே (பிலின்): 1818 என்று போட்ட, அனுமார் படம் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு. காந்தம் மாதிரி அரிசியைத் தன் பக்கம் இழுக்கும் அதிசயக் காசு என்கிறார்கள்.

ப: போலி. எந்தக் காசும் அரிசியை இழுக்காது. இழுப்பது உங்கள் பணத்தை.

கே (தட்டோன், வேறொருவர்): சிங்கர் தையல் மிஷினில் சிவப்புப் பாதரசம் என்ற விலை உயர்ந்த பொருள் இருக்கிறதாமே?

ப: இல்லை. 2009இல் சவூதியில் இதே புரளியை நம்பிப் பழைய மிஷின்களைக் கொள்ளை விலைக்கு வாங்கி ஏமாந்தார்கள். உங்கள் மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் தையுங்கள்.

கே (ரங்கூன்): பகான் யூன் வெற்றிலைப் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தேன். மேலே வெடித்துவிட்டது.

ப: அதை இனி ஒன்றும் செய்ய முடியாது, மன்னிக்கவும். மூங்கில் பின்னலின் மேல் தித்சி மரப்பாலைப் பல பூச்சாகப் பூசி, ஈரமான நிலவறையில் உலர்த்திச் செய்யும் சாமான் அது. வெயில் அதற்கு எதிரி. இனிமேல் உலர்ந்த மெல்லிய துணி மட்டும். பழைய பெட்டியின் சிவப்பு சாதிலிங்கம், பாதரசம் சேர்ந்தது. அதில் தின்பண்டம் வைக்காதீர்கள்.

கே (சாஞ்சவுங்): ஜப்பான் நோட்டு...

ப: மேலே பாருங்கள்.

கே (காரைக்குடி): அங்கிருந்து ராஜா காலத்து எடைக்கற்களும் புத்தர் சிலையும் வாங்கிக் கூரியரில் அனுப்ப முடியுமா? கமிஷன் தருகிறேன்.

ப: முடியாது. இங்கே 2015இல் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நூறு வயது தாண்டியதை அனுமதியில்லாமல் வெளியே அனுப்பினால் சிறைதான். சிலையைப் பற்றி இனி எழுதவும் வேண்டாம்.

கே (பெகு, வேறொருவர்): மாமா 75 சாட் நோட்டுகளை ஒரு டிரங்குப் பெட்டியில் விட்டுப் போயிருக்கிறார்.

ப: 1987 செப்டம்பர் 5இல் 25, 35, 75 சாட் நோட்டுகளை ஒரே நாளில், மாற்றித் தராமலே செல்லாது என்று அறிவித்தார்கள். நம்மவர்களில் எத்தனை பேர் கடை முதலை இழந்தார்கள் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். எல்லோரிடமும் தங்கியதால் விலை இல்லை. பின்னால் வந்த 45, 90 சாட் நோட்டுகளைத்தான் பயணிகள் விரும்பி வாங்குகிறார்கள். டிரங்குப் பெட்டி பழசா? பூட்டும் உள்ஒட்டுத் தாளும் தெரிகிற மாதிரி படம் அனுப்புங்கள்.

கே (ரங்கூன், கல்லூரி மாணவி): சேகரிக்க ஆசை. கையில் காசு அதிகம் இல்லை. எதில் தொடங்கலாம்?

ப: காகிதத்தில் தொடங்கும்மா. 37ஆம் தெருப் புத்தகக் கடைகளுக்குக் காலையிலேயே போ. பழைய கல்யாணப் பத்திரிகை, கடை ரசீது, தீப்பெட்டி லேபிள் எல்லாம் புத்தகங்களுக்குள் செருகியிருக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, கிராம் தராசு ஒன்று வாங்கிக்கொள். கிடைத்த ஒவ்வொன்றையும் எங்கே, யாரிடம், எந்தத் தேதியில் வாங்கினாய் என்று ஒரு நோட்டில் எழுதி வை. பென்சிலில் எழுது, பொருளின் மேல் மட்டும் எழுதாதே.